யோசேப்பின் களஞ்சியமும் தோட்டத்து அரிசியும்

செழிப்பான ஏழு ஆண்டுகளில் யோசேப்பு எகிப்தின் தானியத்தை ஒரே இடத்தில் குவிக்கவில்லை. ஒவ்வொரு நகரின் சுற்றுவயல்களில் விளைந்ததை அந்தந்த நகரிலேயே சேமித்தார் என்கிறது தொடக்க நூல் 41ஆம் அதிகாரம்.

உடப்புசல்லாவை போன்ற மலையகத் தோட்டங்களில் களஞ்சியத்தின் சாவி வேறு கையில் இருந்தது. இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த அரிசியை நிர்வாகம் மூட்டை மூட்டையாக வாங்கி, தொழிலாளருக்கு அளந்து கொடுத்து, விலையைச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. லயத்து ஒற்றை அறையில் மூட்டை வைக்க இடமேது? நெல் விளைவிக்க நிலமேது? எனவே 1973-74இல் உலகச் சந்தையில் தானிய விலை ஏறிப் பங்கீட்டு அரிசியும் மாவும் குறைந்தபோது, தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 2022 நெருக்கடியிலும் ரொட்டி மாவு எட்டாக்கனியானது.

லூக்கா 12இல் வரும் செல்வன் சேமித்ததற்காகக் கண்டிக்கப்படவில்லை. தன்னைத் தவிர எவரையும் அவன் நினைக்கவில்லை. (மலைநாட்டு ஈரத்தில் அளவுக்கு மிஞ்சிய மாவை வண்டும் பூஞ்சையும் பங்குபோட்டுக்கொள்ளும் என்பது தனிக்கதை.) ஒரு மூட்டையைச் சில வீடுகள் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். உலை வைக்கும்போதெல்லாம் பிடி அரிசி எடுத்துவைப்பது நம் தாய்மார் அறிந்த வழக்கமே. 30 வீடுகள் நாளுக்கு இருமுறை எடுத்தால் வாரத்தில் 420 பிடி சேரும். வேலைநாள் கிடைக்காத ஒரு வீட்டின் உலைக்கு அது போதும்.