மங்கிய கண் தானாகத் தெளிந்தாலும் ஸ்கேன் எதற்கு?

ஒரு கண் மட்டும் சில நாள்களில் மங்குகிறது. கண்ணை அசைத்தால் வலி, சிவப்பு நிறம் வெளுத்துத் தெரிகிறது. சில வாரங்களில் பார்வை தானாகவே திரும்புகிறது. ஈப்போ புந்தோங்கிலோ சுங்கை சிப்புட் பக்கத்துப் பழைய தோட்டங்களிலோ இதை உடம்புச் சூடு என்று விட்டுவிடுவது எளிது. வெயிலில் வேலை செய்யும்போது மங்கி, நிழலில் உட்கார்ந்ததும் தெளிந்தால் வேறு சந்தேகமே வராது.

மல்டிபல் ஸ்கிளிரோசிஸ் இப்படியும் தொடங்கும். உடலின் நோய் எதிர்ப்பாற்றலே நரம்பிழைகளின் மயலின் உறையை அரிக்கிறது. உறை தேய்ந்த நரம்பு, உடல் சற்றுச் சூடேறினாலே தடுமாறும். உடலுழைப்பின்போது நோயாளிகளின் பார்வை மங்குவதை ஜெர்மானியக் கண் மருத்துவர் ஊட்ஹாஃப் 1890இலேயே பதிவு செய்தார்; சூடே காரணம் என்பது பின்னர்தான் தெரிந்தது. எம்ஆர்ஐ இல்லாத காலத்தில் நோயாளியை வெந்நீரில் உட்காரவைத்தே சோதித்தார்கள்.

1981இல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனைக் குழு, சிடி ஸ்கேனுக்குத் தட்டுப்படாத இந்நோயின் பாதிப்புகள் பலவற்றை எம்ஆர்ஐ காட்டுவதை வெளியிட்டது. மூளையின் நீரறைகளை ஒட்டி நீள்வட்ட வெண்புள்ளிகள் தெரியும். கடோலினியம் ஊசி போட்டு எடுத்தால், தற்போது அழற்சி நடக்கும் புள்ளி மட்டும் பளிச்சிடும். ஆறிய புள்ளி பளிச்சிடாது. இரண்டும் ஒரே படத்தில் இருந்தால் நோய் ஒரு முறைக்கு மேல் தாக்கியிருக்கிறது என்று பொருள். நோயாளிக்கோ ஒரு முறைதான் கண் மங்கியிருக்கும். இரண்டாவது தாக்குதலுக்குக் காத்திராமல் நோயை உறுதிசெய்ய, மெக்டொனால்டு நோயறிதல் அளவுகோலின் 2010ஆம் ஆண்டுத் திருத்தம் இப்படித்தான் வழிவிட்டது. சீக்கிரம் தொடங்கும் மருந்து அடுத்தடுத்த தாக்குதல்களைக் குறைக்கிறது என்பதால் இந்த அவசரம் நியாயமானதே.

ஆனால் வெண்புள்ளியெல்லாம் இந்நோய் அல்ல. இரத்த அழுத்தமும் ஒற்றைத் தலைவலியும்கூடப் புள்ளி வைக்கும். நம் நாட்டில் இன்னொரு குழப்பமும் உண்டு. மலேசியாவில் மல்டிபல் ஸ்கிளிரோசிஸ் அரிது. அதைப் போலவே கண்ணையும் தண்டுவடத்தையும் தாக்கும் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா, மேற்கு நாடுகளை ஒப்பிட ஆசியாவில் அதிகப் பங்கு வகிக்கிறது. முன்னதற்குத் தரும் இன்டர்ஃபெரான் போன்ற மருந்துகள் பின்னதை மோசமாக்கக்கூடும். ஆகவே மூளைப் படம் மட்டும் போதாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். தண்டுவடத்தையும் ஸ்கேன் செய்ய வேண்டும்: மூன்று முள்ளெலும்புகளோ அதற்கு மேலோ நீளும் பாதிப்பு இரண்டாவது நோயையே சுட்டும். அக்குவாபோரின்-4 எதிர்ப்பொருளுக்கான இரத்தப் பரிசோதனையும் அவசியம்.

தோட்டத்துக்கு அருகிலுள்ள சுகாதார கிளினிக்கில் காட்டும்போது, கண் எப்போது மங்கியது, கால் எப்போதாவது மரத்ததா என்று பழையதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கோ தனியார் மருத்துவமனைக்கோ அனுப்பினால், முன்பு எடுத்த ஸ்கேன் படங்கள் உள்ள குறுந்தட்டைக் கையோடு கொண்டுபோங்கள். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எந்தப் புள்ளி புதிது என்று மருத்துவருக்குத் தெரியும்.