சாவி நிறுத்தவில்லை

குழந்தைக்கு வலிப்பு வந்தால் இரும்புச் சாவியைக் கையில் திணிக்கிறார்கள். நம் நாட்டில் பல ஊர்களில் இந்தப் பழக்கம் உண்டு. சற்று நேரத்தில் வலிப்பு நிற்கும். சாவி இல்லாவிட்டாலும் நின்றிருக்கும். பெரும்பாலான வலிப்பு 2, 3 நிமிடத்தில் தானே அடங்கிவிடும்.

மூளையில் ஓடும் மின்சாரம் சிறிது நேரம் தாறுமாறாகிறது. அதுதான் வலிப்பு. பேய் அல்ல. தொற்றாது.

குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சில் வெளியே வழியட்டும். வாயில் கரண்டி வைக்காதீர்கள். தண்ணீரும் ஊற்றாதீர்கள். 5 நிமிடம் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

மாத்திரையைத் தினமும் கொடுக்க வேண்டும். மூன்று மாதம் வலிப்பு வரவில்லை என்று வீட்டிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் ஆபத்து. வலிப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பலாம். பெரும்பாலும் 2 ஆண்டு வலிப்பு வராமல் இருந்தால்தான், டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். குழந்தை பள்ளிக்குப் போகலாம், விளையாடலாம். கிணற்றுக்கும் குளத்துக்கும் மட்டும் தனியே அனுப்பாதீர்கள்.