பாறை மேல் பாப் பாட்டு!

கனவு சீன் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம், சார்! எங்க போடி பஸ் ஸ்டாண்டில் ஹீரோ கண்ணடித்தால், அடுத்த ஷாட்டில் போடிமெட்டு மூடுபனிக்குள் கோட்டு சூட்டோடு ஆடுவார். எண்பதுகளில் வந்த வெள்ளைக்காரர்களின் சிந்தசைஸர் பாட்டு வீடியோக்களும் இதே ரகம்தான்.

1981 ஆகஸ்ட் 1-ல் எம்.டி.வி. ஆரம்பித்தபோது முதலில் ஓடிய வீடியோவை எடுத்தவர் ரஸ்ஸல் மல்காஹி. மறு வருஷம் இவர் இங்கிலாந்தின் டுரான் டுரான் குழுவை வைத்து இலங்கையில் படம்பிடித்தார். 'சேவ் எ பிரேயர்' பாட்டுக்காக சிகிரியா பாறை உச்சியில் அவர்களை நிற்கவைத்து, ஹெலிகாப்டரில் சுற்றிச் சுற்றி எடுத்தார். அப்புறம் பொலன்னறுவைப் புத்தர், யானை, கடல்... கம்ப்யூட்டர் ஜாலமே கிடையாது. லண்டன்காரனுக்கு அது கனவு. உள்ளூர்க்காரனுக்கு தினப்படி பார்க்கிற இடம்!

1983 ஜூலையில் அதே தீவில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. 1984-ல், அங்கே எடுத்த இன்னொரு வீடியோவான 'ஹங்ரி லைக் த உல்ஃப்' கிராமி விருது வாங்கியது.

கேமரா திரும்பாத பக்கம் ஒன்று எப்போதும் உண்டு. எங்க மூடுபனி டூயட்டில் மட்டும் என்ன வாழுதாம்? ஏலக்காய் பறிக்க விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறுகிற பெண்களை எந்த ஷாட்டிலாவது பார்த்திருக்கிறீர்களா?