பொருளியல் ஆய்வும் நூலகத் தரவுத்தளங்களும்

அரசின் கடன் பெருகும்போது நாட்டின் வளர்ச்சி குன்றுமா? வணிகமும் பொருளியலும் பயில்வோர் இத்தகைய வினாக்களுக்கு விடை காண முற்படும்போது, பெரும்பாலும் இணையத்தின் பொதுத் தேடலோடு நின்றுவிடுகின்றனர். ஆயின், ஆய்வுக்கு வேண்டிய மூலங்கள் பல, நூலகங்கள் சந்தா செலுத்திப் பெறும் தரவுத்தளங்களிலேயே உள்ளன. அவற்றைப் பயன்படுத்தும் முறையை இங்கு சுருக்கமாக நோக்குவோம்.

இத்தளங்களை நாம் நான்கு வகைப்படுத்தலாம். முதலாவது, கட்டுரைகளின் விபரங்களையும் சாராம்சத்தையும் தரும் அட்டவணை. அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் 'எகோன்லிட்' இவ்வகையினது. இரண்டாவது, முழுக் கட்டுரைகளின் காப்பகம். 1995இல் தோன்றிய 'ஜேஸ்டோர்' இதற்குச் சான்று. எனினும் பல சஞ்சிகைகளின் அண்மைக்கால இதழ்கள் அதில் கிடைப்பதில்லை. மூன்றாவது, சஞ்சிகையில் அச்சேறுமுன் வெளியிடப்படும் ஆய்வுரைகளின் தொகுப்பு. 1997இல் தொடங்கிய 'ரெபெக்' இவற்றை இலவசமாகத் தேட உதவுகிறது. நான்காவது, புள்ளிவிபரத் தளம். உலக வங்கி தனது தரவுகளை 2010இல் அனைவருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது.

தேடும்போது சொற்களை மட்டும் நம்புதல் போதாது. ஒருவர் 'பொதுக் கடன்' என்பதை மற்றொருவர் 'அரசாங்கக் கடன்' என்பார். இவ்வேறுபாட்டைக் கடக்கவே 'ஜே.இ.எல்.' எனும் பொருட்பகுப்புக் குறியீடுகள் உள்ளன. 'எச்63' எனும் குறியீட்டைக் கொண்டு தேடின், தேசியக் கடன் பற்றிய கட்டுரைகள், அவை எச்சொல்லை ஆண்டிருப்பினும், ஒருங்கே கிட்டும்.

எனினும் கட்டுரை கிடைத்ததும் ஆய்வு முடிந்துவிடுவதில்லை. 2010இல் கார்மன் ரைன்ஹார்ட், கெனத் ரோகோஃப் ஆகியோர், கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 90 சதவீதத்தைத் தாண்டிய வளர்ந்த நாடுகளில் போருக்குப் பிந்திய சராசரி வளர்ச்சி -0.1 சதவீதம் என எழுதினர். அரச செலவைக் குறைக்க விழைந்தோர் இதனை ஆதாரமாகக் காட்டினர். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் தாமஸ் ஹேர்ன்டன், ஆசிரியர்களிடமிருந்தே கணக்குத்தாளைப் பெற்றுச் சோதித்தார். ஐந்து நாடுகள் சராசரியில் சேராது விடுபட்டிருந்தன. சில ஆண்டுகளின் தரவுகளும் விலக்கப்பட்டிருந்தன. நாடுகளுக்கு அளித்த நிறையும் பொருத்தமற்றது என அவர் கண்டார். இவற்றைத் திருத்தியபோது சராசரி 2.2 சதவீதமாயிற்று. கணக்குத்தாள் பிழையை ஒப்புக்கொண்ட மூல ஆசிரியர்கள், மிகுகடனுடன் குறைந்த வளர்ச்சி இணைந்தே காணப்படுகிறது எனும் தம் முடிவில் நிலைத்து நின்றனர்.

ஹேர்ன்டனும் அவருடைய ஆசிரியர் இருவரும் எழுதிய மறுப்பு, 2013 ஏப்ரலில் ஆய்வுரையாக வெளிவந்தது. சஞ்சிகையில் இடம்பெற்றதோ 2014இல். அவ்விடைக்காலத்தில் சஞ்சிகைகளை மட்டும் தேடியவருக்கு இம்மறுப்பு அகப்பட்டிராது. எனவே ஒரு கட்டுரையைக் கண்டதும், அதனைப் பின்னர் மேற்கோள் காட்டியோர் யாவர், அது திருத்தப்பட்டதா, அதன் தரவுகள் எங்குள்ளன என நாம் வினவ வேண்டும். ஒரு கணக்குப் பிழை பல நாட்டு மக்களின் வாழ்வைத் தொடும் வாதங்களுக்கு ஆதாரமாக நிற்கக்கூடும் என்பதால், இவ்வினாக்களை ஆய்வாளர் தவிர்த்தலாகாது.