கவனித்தே கெடுத்த செடி

எச்செவேரியா மெக்சிகோவைப் பூர்வீகமாகக் கொண்ட செடி. தாமரை மாதிரி அடுக்கடுக்கான சதைப்பற்று இலைகள். நான் வாங்கியபோது இளஞ்சிவப்பாக இருந்தது. நம்ம பழக்கம் விடுமா? பாதித் தொட்டிக்கு மண்புழு உரம், தாழ்வார நிழல், தினமும் தண்ணீர். செடி பச்சையாகி, நெட்டையாக நீண்டு, ஐப்பசி மழையில் அழுகிப் போச்சு.

இது இலையிலேயே நீரைச் சேமிக்கும். பகலில் இலைத்துளைகளை மூடி இரவில்தான் திறக்கும். அதனால் நீர்ச்செலவு குறைவு. வேரில் ஈரம் தேங்கினால் அழுகல்தான். நல்ல வெளிச்சமும் இரவுக் குளிரும் இருந்தால் சிவப்பு நிறமி கூடும். நிழலும் தழைச்சத்தும் மிகுந்தால் பச்சையாகும். அதனால்தான் ஊட்டி, கொடைக்கானலில் காணும் நிறம் சமவெளியில் அவ்வளவாக வராது.

இப்போ என் கலவை: ஒரு பங்கு செம்மண், இரண்டு பங்கு பொடி செங்கல் ஜல்லி, ஒரு கைப்பிடி மட்கிய தொழுவுரம். அடியில் ஓட்டையுள்ள மண்தொட்டி. காலை வெயில் போதும். உச்சிவெயிலும் மழையும் நேராகப் படக்கூடாது. மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர், அதுவும் குருத்தில் தேங்காமல். இலைமேல் உள்ள வெள்ளைப் பூச்சைத் துடைக்காதீங்க. வெயிலைத் தாங்க அது உதவும்.

அழுகிய செடியைப் பிடுங்கியபோது உதிர்ந்த ஒரு இலை, யாரும் தண்ணீர் விடாமலே திண்ணை ஓரத்தில் வேர்விட்டுக் கிடந்தது. இன்று என்னிடம் உள்ள செடிகள் அதன் வாரிசுகள்தான்.