மலாக்கா படங்களில் நாம் எங்கே?

சுற்றுப்பயணிகள் எடுக்கும் படங்களைப் பார்த்தால், மலாக்காவில் மூன்றே இடங்கள் இருப்பதுபோல் தோன்றும்: டச்சுக்காரர்களின் சிவப்புக் கட்டடங்கள், ஆ ஃபமோசா கோட்டை வாசல், ஜோங்கர் தெரு. 2008 ஜூலையில் ஜார்ஜ்டவுனோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்த பிறகு இவை இன்னும் பெருகிவிட்டன.

ஜோங்கரிலிருந்து சில நிமிட நடையில் ஜாலான் துக்காங் எமாஸ். அங்குள்ள ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் 1781இல் எழுந்தது. டச்சுக்காரர்கள் மலாக்கா செட்டி சமூகத் தலைவர் தைவநாயகம் செட்டிக்குக் கொடுத்த நிலம் அது. அதையும் படமெடுக்கிறார்கள். காஜா பெராங்கில் இருக்கும் செட்டி கம்பம்வரை போகிறவர்கள் குறைவு. தோட்டப்புறத்துக்குக் கேட்கவே வேண்டாம்.

இத்தனைக்கும் தோட்டத்தின் கதையே இங்கேதான் தொடங்கியது. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் அசகானில். மலாயாவில் வணிக ரப்பர் சாகுபடிக்கு அதுதான் முன்னோடி. பின்னாளில் கங்காணிகள் வழியாக நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் மலாயாத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அன்றும் கேமரா வெளியாரிடம்தான் இருந்தது. சிங்கப்பூரில் ஜெர்மானியர் லம்பர்ட் தொடங்கிய ஸ்டூடியோவும், மேடானிலிருந்து வந்த கிளைங்குரோத்தும் மலாயாவைப் படம்பிடித்தார்கள். அக்காலத்துப் படங்களிலும் அஞ்சலட்டைகளிலும் நம்மவர்கள் நிறையவே இருக்கிறார்கள். ஆனால் கீழே எழுதியிருப்பது "கிளிங்" அல்லது "தமிழ்க் கூலி". முதலாளி படம் என்றால் பெயர் இருக்கும். மங்கு ஏந்தி நிற்கும் பெண்ணுக்கு இல்லை. எனக்கு உறுத்துவது இதுதான்.

ஆனாலும் அந்தப் படங்களை ஒதுக்கிவிட முடியாது. எடுத்தவருக்குத் தெரியாதது பார்க்கும் நம் பாட்டிக்குத் தெரியும். மரத்தில் மீன்முள்போல் இருபுறமும் கோடு போட்டிருந்தால் அது பழைய வெட்டு முறை. பால் வெட்டியவர்கள் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்கள். சேலைக் கட்டு, கழுத்தில் தாலியின் வடிவம், லயத்து வாசலில் நிற்கும் முனியாண்டி கல் எல்லாம் அப்படித்தான்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் வீடமைப்புக்குப் போயும் விட்டதால், பல லயங்களுக்கு இன்று படம் மட்டுமே மிச்சம். உங்கள் வீட்டு ஆல்பத்தில் பெரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, திருவிழாப் படம் இருந்தால், பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள்: இடமிருந்து வலமாக யார் யார், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், ஏறக்குறைய எந்த ஆண்டு. படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதுவது நல்லது. பேனா மை ஊறி முகத்தில் தெரியும்.