வலி, காலம், இடன்: ஒரு திரை விளையாட்டின் போர்முறை

தமிழ்ப் பள்ளி மாணவர் இருவர் ஓய்வு வேளையில் பேசிக்கொள்வதைக் கேட்கும் ஆசிரியர்க்குச் சில வேளைகளில் அப்பேச்சிற் பாதி விளங்குவதில்லை. வாள், வில், கேடயம், பகைவர், கோட்டை என்று போரைப் பற்றிய பேச்சே அது. ஆயினும் அப்பொருள்களுக்கும் செயல்களுக்கும் அவர்கள் வழங்கும் சொற்கள் தமிழ் அல்ல. வீடியோ விளையாட்டுகளோடு வந்து சேர்ந்த ஆங்கிலச் சொற்கள் அவை. இவ்விளையாட்டுகளை வீண் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அவற்றுள் யாது உளது என்று ஆராய்ந்து, கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளுவதே கற்றோர்க்கு அழகு. அத்தகைய ஆராய்ச்சிக்கு ஏற்ற விளையாட்டு ஒன்று உண்டு.

‘தி லெஜண்ட் ஆப் செல்டா: பிரெத் ஆப் தி வைல்ட்’ என்பது அதன் பெயர். ஜப்பான் நாட்டு நிண்டெண்டோ நிறுவனம் இதனை 2017-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3-ஆம் நாள் வெளியிட்டது. செல்டா வரிசையின் முதல் விளையாட்டு 1986-இல் வந்தது. அதனைப் படைத்தோருள் தலையாயவர் சிகெரு மியாமோட்டோ. கியோட்டோ நகருக்கு அருகிலுள்ள சொனோபே என்னும் ஊரில் வளர்ந்த அவர், இளமையில் காட்டிலும் மலையிலும் திரிந்ததையும், ஒரு குகையைக் கண்டு விளக்குடன் அதனுள் நுழைந்து பார்த்ததையுமே இவ்விளையாட்டின் வித்தாகக் குறித்துள்ளார். கிந்தாப் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு இடையே வளர்ந்தோர்க்கு இவ்வேட்கை புதிதன்று. கோப்பேங்கை அடுத்த தெம்புருங் குகையின் வாயிலில் நிற்கும் சிறுவனுக்கும், உள்ளே யாது உளதோ என்னும் ஆவல் எழவே செய்யும்.

விளையாட்டின் அமைப்பு

இது ‘திறந்த உலக’ விளையாட்டு எனப்படும். ஒரே பாதையில் கட்டம் கட்டமாகச் செல்லாமல், கண்ணுக்குத் தெரியும் மலை, ஆறு, காடு எதனை நோக்கியும் ஆடுபவன் தன் விருப்பப்படி செல்லலாம் என்பது அதன் பொருள். நூறாண்டு உறக்கத்திலிருந்து எழும் லிங்க் என்னும் வீரன், ஹைரூல் நாட்டின் கோட்டையைப் பற்றிக்கொண்ட கானன் என்னும் தீய ஆற்றலை அழிக்க வேண்டும். தொடக்கத்திலுள்ள மேட்டு நிலத்தைக் கடந்தபின் நேரே கோட்டைக்குச் செல்லவும் தடை இல்லை. ஆனால் அங்ஙனம் செல்பவன் பெரும்பாலும் மாண்டுபோவான். ஏன் மாண்டான் என்று எண்ணிப் பார்ப்பதே இவ்விளையாட்டின் முதற் பாடம்.

அரசனோ வீரனோ போர்மேற் செல்லுமுன் அறிய வேண்டுவனவற்றைத் திருவள்ளுவர் பொருட்பாலில் மூன்று அதிகாரங்களாக அடுத்தடுத்து வைத்தார். 48-ஆம் அதிகாரம் வலியறிதல், 49-ஆவது காலமறிதல், 50-ஆவது இடனறிதல். இந்த ஜப்பானிய விளையாட்டின் போர்முறை முழுவதையும் இம்மூன்று தலைப்புகளுள் அடக்கிவிடலாம். வள்ளுவரைக் கற்று இதனைச் செய்தார் என்பது இதன் கருத்தன்று. போரின் இயல்பை உற்று நோக்குவோர் எந்நாட்டினராயினும் இம்மூன்றையும் வந்தடைவர் என்பதே கருத்து.

வலியறிதல்

செயலின் வலி, தன் வலி, பகைவன் வலி, துணையின் வலி என நான்கினையும் சீர்தூக்க வேண்டும் என்று வலியறிதல் தொடங்குகிறது. விளையாட்டில் தன் வலி என்பது முதற்கண் கையிலுள்ள கருவியின் வலியே. லிங்கின் கைக்கு முதலில் கிட்டுவன மரக்கிளையும் கோடரியும் போன்ற எளிய பொருள்கள். பின்னர் வாளும் வேலும் வில்லும் கிடைக்கின்றன. ஆனால் அவை யாவும் சிலபல அடிகளுக்குப்பின் உடைந்துபோகின்றன. ஆடுவோர் பலர் முதலில் வெறுப்பது இதனையே. எனினும் விளையாட்டின் அறிவு முழுவதும் இவ்விதியிலேதான் அடங்கியுள்ளது. நல்ல வாளை எளிய பகைவன்மேல் வீணாக்கலாகாது. எளியவனுக்கு எளிய கருவியே போதும். உடையும் நிலையை அடைந்த கருவியை எறிந்துவிடுவது நன்று. எறிந்து உடையும் கருவி இருமடங்கு ஊறு செய்யும். வீழ்ந்த பகைவனின் கருவியை எடுத்துக்கொள்ளலாம். மின்தாக்கு உற்றவன் தன் படைக்கலத்தை நழுவவிடுவான். அதனைக் கவர்ந்துகொண்டால் அவன் வலி குறைய நம் வலி மிகும்.

உடையாத வாள் ஒன்றும் உண்டு. அதனைப் பிடுங்கி எடுக்கப் பதின்மூன்று இதயங்கள் வேண்டும். இவ்விளையாட்டில் இதயம் என்பது உயிர்வலியின் அளவு. தகுதி வருமுன் முயல்பவன் அவ்வாளைப் பற்றி இழுக்கும்போதே உயிர் தேய்வான். பெற்றபின்னும் அவ்வாள் ஓயாது உழைக்காது. ஆற்றல் தீர்ந்தால் சிறிது நேரம் ஓய்ந்தே மீண்டும் பயன்படும்.

உயிர்வலியைப் பெருக்கும் வழி உணவு. கனி, காளான், மீன், இறைச்சி ஆகியவற்றுள் ஐந்து வரை ஒரு கலத்திலிட்டுச் சமைக்கலாம். மிளகாய் சேர்ந்த உணவு குளிரைத் தாங்கச் செய்யும். இவற்றுள் பேராக் வாசகர்க்கு உவப்பளிக்கும் செய்தி ஒன்று உண்டு. இவ்விளையாட்டின் மிகச் சிறந்த உணவுப் பொருள்களுள் டுரியான் பழமும் ஒன்று. ஒரே ஒரு டுரியானைச் சமைத்து உண்டாலும் இழந்த உயிர்வலி முழுவதும் மீள்வதோடு, மேலும் நான்கு இதயங்கள் கூடும். பெரும்பகையை எதிர்க்கப் புறப்படுவோன் வாளைத் தேடுமுன் தெற்கிலுள்ள வெப்பக் காட்டுப் பகுதிக்குச் சென்று டுரியான் திரட்டுவதே அறிவுடைமை.

காலமறிதல்

காக்கை பகலில் கூகையை வெல்லும் என்பது வள்ளுவர் காட்டும் சான்று. வலியிற் குறைந்ததும் உரிய பொழுதில் வெல்லும் என்பது அதன் கருத்து. விளையாட்டில் காலம் இருவகையாகப் பயன்படுகிறது. ஒன்று கணப்பொழுது, மற்றொன்று நாட்பொழுது.

கணப்பொழுதின் பயன் விலகலிலும் தடுத்தலிலும் விளங்கும். பகைவன் மேலிருந்து கீழாக வெட்டினால் பக்கவாட்டில் துள்ள வேண்டும். குறுக்காக வீசினால் பின்னோக்கித் துள்ள வேண்டும். அடி தன்மேல் விழும் அந்த நொடியிலேயே விலகியவனுக்குக் காலம் மெதுவாக ஓடும். அவ்விடைவெளியில் பல வெட்டுகளைத் தொடர்ந்து செலுத்தலாம். முன்கூட்டியே விலகினால் பயனில்லை, பிந்தினால் அடிபடும். சிலம்பம் பயின்றோர் இதனை நன்கு உணர்வர். அங்கும் கம்பு வீச்சுக்கு முன் காலடி வைப்பே கற்பிக்கப்படுகிறது. இவ்விளையாட்டின் ‘கார்டியன்’ என்னும் பொறிகள் கண்ணிலிருந்து ஒளிக்கற்றையைப் பாய்ச்சும். அது வந்து தாக்கும் நொடியில் கேடயத்தை முன்தள்ளினால், அவ்வொளி திரும்பிச் சென்று பொறியையே தாக்கும். பகைவன் வலியே பகைவனை அழிப்பது இதுவாகும்.

நாட்பொழுதின் பயன் வேறு. பொகோப்லின் என்னும் சிறு பகைவர் இரவில் தம் பாசறையில் உறங்குவர். அப்பொழுது ஓசையின்றி அணுகித் தாக்கினால், ஊறு எட்டு மடங்காகும். விழித்திருக்கும் காவலன் ஊதுகொம்பால் எல்லோரையும் எழுப்பிவிடுவான் ஆதலின், அவனை அம்பெய்து முதலில் வீழ்த்துதல் வேண்டும். அம்பு தலையிற் பட்டால் ஊறு இருமடங்கு. வெற்றியும் நிலையானதன்று, செந்நிலா தோன்றும் இரவில் வீழ்ந்த பகைவர் மீண்டும் எழுவர்.

இடனறிதல்

முதலை ஆழ்நீரில் பிறவற்றை வெல்லும். நீரைவிட்டு நீங்கினால் பிற அதனை வெல்லும். இடத்தின் வலியைக் காட்ட வள்ளுவர் கூறியது இது. இவ்விளையாட்டின் தனிச்சிறப்பு வெளிப்படுவதும் இப்பகுதியிலேதான். மலைமேல் நிற்பவன் வாளை உருவ வேண்டுவதில்லை. கீழேயுள்ள பாசறையின்மேல் பாறையை உருட்டினாற் போதும். உலர்ந்த புல்லில் தீ வைத்தால் வெப்பக் காற்று மேலெழும். ‘பாராகிளைடர்’ என்னும் மிதவைச் சீலையை விரித்து அக்காற்றில் ஏறி, வானிலிருந்து அம்பெய்யலாம். வானில் வில்லை வளைத்தால் காலம் மெதுவாகும். ஆனால் மழையில் தீ அணையும். பாறையில் ஏறுபவன் வழுக்குவான்.

இடி மின்னலில் உலோகக் கருவி ஏந்தியவன் தன்மேல் தானே மின்னலை வரவழைக்கிறான். கருவியில் பொறி பறக்கக் கண்டவுடன் அதனைக் கழற்றிவிட வேண்டும். அறிவுடையவனோ அதனைப் பகைவன் அருகில் எறிந்துவிட்டு விலகி நிற்பான்; மின்னல் பகைவன்மேல் விழும். மரக்கேடயம் மின்னலை ஈர்க்காது. ஆயின் தீயில் எரிந்துபோகும். ஒவ்வொரு கருவிக்கும் ஓரிடத்தில் நலமும் மற்றோரிடத்தில் கேடும் உண்டு.

படைக்கலம் அல்லாத துணைக்கருவிகளும் உண்டு. லிங்க் கையில் ஒரு பலகை இருக்கிறது. அதன் ஒரு திறன் காந்தம்போல் உலோகப் பொருளைத் தூக்கும். இரும்புப் பெட்டியைப் பகைவன் தலையில் போடலாம். மற்றொன்று ஒரு பொருளைச் சிறிது நேரம் அசையாமல் நிறுத்தும்; அந்நேரத்தில் அதனைப் பலமுறை அடித்தால், தடை நீங்கியவுடன் அவ்வடிகளின் விசை ஒன்றாய்த் திரண்டு அதனைப் பாய்ச்சும். வேறொன்று நீர்மேல் பனித்தூண் எழுப்பும். அஃது ஏறுபடியும் ஆகும், மறைவிடமும் ஆகும். தீராத வெடிகளும் உண்டு. இவை வாளைப்போல் உடைவதில்லை.

இவ்வளவும் நிகழ்வதற்கு அடிப்படை என்ன? படைப்புக் குழுவினர் 2017-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் அதனை விளக்கினர். தீ, நீர், மின், காற்று போன்ற பூதங்கள் ஒருபுறம். மரம், இரும்பு, பாறை போன்ற பொருள்கள் மறுபுறம். பூதம் பொருளின் நிலையை மாற்றும். பூதம் பூதத்தின் நிலையையும் மாற்றும். பொருள் பொருளின் நிலையை மாற்றாது. இம்மூன்று விதிகளை வைத்து உலகைப் படைத்ததனால், படைத்தவரும் எண்ணாத வழிகளை ஆடுபவர் கண்டுபிடிக்க முடிந்தது. சில நூற்பாக்களைக் கொண்டு எண்ணற்ற சொற்றொடர்களுக்கு வழிகாட்டும் இலக்கணம் கற்றோர்க்கு இஃது எளிதில் விளங்கும்.

தோட்டத்து அறிவும் திரை அறிவும்

இவ்விளையாட்டு கற்பிக்கும் அறிவு தோட்டத் தமிழர்க்குப் புதிதா என்பதே இனிக் கேட்க வேண்டிய வினா. ரப்பர் மரத்தில் பால் வெட்டுவோரின் தொழிலை நோக்குக. உளி ஆழமாகச் சென்றால் மரம் காயப்பட்டுப் பட்டை கெடும். மேலாகச் சென்றால் பால் குறையும். இது வலியறிதல். வெயில் ஏறுமுன் குளிர்ந்த பொழுதில் பால் மிகுதியாக வடியும் ஆதலின், விடியுமுன்னரே பெரட்டுக்கு நின்று நிரைக்குச் சென்றனர். மழை பெய்தால் மங்கிலுள்ள பாலை நீர் அடித்துச் செல்லும் ஆதலின், வானத்தைப் பார்த்தே வேலை தொடங்கிற்று. இது காலமறிதல். எந்த மேட்டில் காண்டா வாளியுடன் கால் வழுக்கும், எந்தப் புதரில் பாம்பு இருக்கும் என்று அறிந்து நடந்தனர். இஃது இடனறிதல். லயத்துச் சிறுவரும் லாஸ்டிக்கும் பாராங்குமாய்த் திரிந்து இவ்வறிவைத் தாமே பெற்றனர்.

பேராக்கின் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாயின. பல வீட்டு மனைகளாயின. தோட்டத்தை விட்டு நகரப் புறங்களில் குடியேறியோரின் பேரப்பிள்ளைகளுக்கு நடந்து திரியக் காடு இல்லை. பாட்டன் நிலத்தில் கற்றதைப் பேரன் திரையில் கற்கிறான். அறிவு ஒன்றே. ஆனால் பாட்டனிடம் அவ்வறிவுக்குத் தமிழ்ச்சொல் இருந்தது, பேரனிடம் இல்லை. அவன் ஆடும் விளையாட்டிலும் தமிழ் இல்லை. இவ்வகையில் இழப்பு ஒரு தலைமுறையின் சொல்வளம் முழுவதும் ஆகலாம்.

இவ்விழப்பைத் தடுக்கும் வாய்ப்பு ஆசிரியர் கையில் உளது. அம்பு எய்வது, வேல் எறிவது, வாள் வீசுவது, ஈட்டி குத்துவது. கருவிக்கொரு வினை வைத்த மொழி தமிழ். மாணவன் ஒரு பாசறையை எவ்வாறு வென்றான் என்று வகுப்பில் தமிழில் விளக்கச் செய்க. ‘மழை பெய்ததால் தீ அணைந்தது, ஆகவே மேட்டிலிருந்து பாறையை உருட்டினேன்’ என்று அவன் கூறும்போது, காரண காரியத் தொடர் தானே அமைகிறது. பின்னர் அம்மூன்று அதிகாரங்களைத் திறந்து காட்டினால், குறள் மனப்பாடச் சுமையாக அவனுக்குத் தோன்றாது. தான் செய்ததைத் தனக்கு முன்னரே ஒருவர் சொல்லி வைத்திருப்பதாகத் தோன்றும்.

இதனால் பிள்ளைகள் எந்நேரமும் ஆடலாம் என்பது பெறப்படாது. அமெரிக்கத் தரமிடும் அமைப்பு இவ்விளையாட்டைப் பத்து வயதும் அதற்கு மேலும் உள்ளோர்க்கு உரியதாக வகுத்துள்ளது. வீட்டிலும் நேர வரையறை வேண்டும். எத்தனை மணி நேரம் ஆடுவது என்பதும் காலமறிதலுள் அடங்கும். திரையில் மாண்ட வீரன் மீண்டும் எழுவான். படிப்புக்குரிய பருவம் கழிந்தால் அது மீண்டு வாராது என்பதையும் அவ்வதிகாரத்தோடு சேர்த்தே மாணவர்க்கு உணர்த்துதல் ஆசிரியர் கடன்.